சல்லடையும் எறும்பும்

பஞ்சாலை கேட்டுல நிக்கிற அந்த ஆளுக்கு "சல்லடை"ன்னு பேரு. ஒவ்வொருத்தர் டிபன் பாக்ஸையும் மோந்து பாத்துட்டுத்தான் வெளிய விடுவாரு. மேனேஜர் குடையையே விரிச்சு உதறிப் பாத்தவருன்னா பாத்துக்கோங்க. இருபத்திரண்டு வருஷமா அந்த கேட்டுதான் அவருக்கு உசுரு.

அப்படிப்பட்டவர் வீட்டு பாத்ரூம்ல ஒருநாள் எறும்பு. அவர் ஒண்ணுக்குப் போன எடத்துல மட்டும், ஷிப்ட்டு விட்ட மாதிரி கூட்டம்.

சர்க்கரை வியாதிக்காரர்தான். ஆனா புது மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாளா வாயக் கட்டி இருக்காரு. அப்புறம் எப்படி? சம்சாரம் காபில எதையோ கலக்குறாளோ? சர்க்கரை பாட்டில்ல மட்டம் பாத்து, பேனாவால ரகசியமா ஒரு கோடு இழுத்தாரு.

"அங்க என்னத்த உருட்டுறீங்க?"

"எறும்பு எங்கேருந்து வருதுன்னு பாக்குறேன்."

"அது உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

இந்த நேரத்துல கம்பெனில உடம்பு செக்கப்பு. சர்க்கரை எகிறியிருந்தா கேட்டு கிடையாது, நேரா வீடுதான். "என்ன மருந்து சாப்பிடுறீங்க"ன்னு பாரத்துல கேட்டிருந்தான். எவன் கண்ணுல படுமோன்னு "ஒண்ணுமில்ல"ன்னு எழுதிட்டாரு.

நர்சம்மா மூத்திரத்துல சர்க்கரை பாக்குற அட்டைய முக்குனதும் கன்னங்கரேல்னு ஆச்சு.

"அண்ணே, மிட்டாய்க் கடையையே முழுங்கிட்டீங்களா?"

"டப்பாவ மாத்திட்டாங்கம்மா! அது என்னுது இல்ல!"

"மூடி மேல ரப்பர் பேண்டு சுத்தி, மூணு எடத்துல கையெழுத்து போட்டிருக்கே. உங்களுதுதானே?"

விரல்ல குத்தி ரத்தம் பாத்தா, அதுல சர்க்கரை அடக்கமா இருக்கு. நர்சம்மா ஒரு மாதிரியா பாத்தா.

"அண்ணே, எதையோ மறைக்கிறீங்க."

ஃபேனப் பாத்தாரு, சுவரப் பாத்தாரு. கேட்டு கையவிட்டுப் போயிடும்போல இருக்கவும், உள்பாக்கெட்லேருந்து மாத்திரை அட்டைய உருவினாரு.

"அட, இதானா! கிட்னி முதல்ல சர்க்கரைய வடிச்சு விட்டுடும். அங்க செல்லோட தோல்ல ஒரு புரதம் நிக்கும், நீங்க கேட்டுல நிக்கிற மாதிரி. உப்பு உள்ள வரும்போது கூடவே சர்க்கரையையும் திரும்ப இழுத்துக்கும். இந்த மாத்திரை அந்தப் புரதத்தப் போய் அடைச்சுக்கும். சர்க்கரை உள்ள வர வழியில்லாம வெளிய போயிடுது. எறும்புக்குக் கொண்டாட்டம்."

"உப்புகிட்ட பாஸ் இருக்கா?"

"இருக்குன்னு வச்சுக்கோங்க."

"ஒரு பாஸ்ல ரெண்டு பேர்! நான் நின்னிருந்தா விட்டிருப்பேனா?"

"முதல்ல பாரத்தத் திருத்துங்கண்ணே. பொய் எழுதினதுக்கே வீட்டுக்கு அனுப்புவாங்க."

வேர்க்க வேர்க்க திருத்திக் குடுத்தாரு. கேட்டு தப்பிச்சுது.

சம்சாரத்துகிட்ட வாய்விட்டு மன்னிப்பு கேக்குற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியோட சமையக்கட்டுக்குள்ள நுழைஞ்சு, சத்தமில்லாம பாட்டில்ல இருந்த கோட்டைத் தேய்ச்சாரு. திருப்பிப் பாத்தா, பின்பக்கம் கண்மையால இன்னொரு கோடு. அது அவர் போட்டது இல்ல.

திரும்பினாரு. வாசப்படில சம்சாரம், அவரோட டிபன் பாக்ஸத் தொறந்து மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறா.

"ம்," மூடிய மூடினா. "இப்ப சொல்லுங்க, எறும்பு எப்படி வந்துச்சு?"