சத்தமாகச் செய்த ஜெபம்

பதினெட்டு வயதில் என்னைப் பற்றி எனக்கு மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது. நெய்யாற்றின்கரையில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் சும்மா இருந்தேன். எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள், அடி வாங்கினார்கள், வாரண்டுக்குப் பயந்து ஒளிந்தார்கள். அப்பா சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

எங்கள் சபையில் அப்போது ஆறு பிள்ளைகள் பிறர் வீடுகளில் வளர்ந்தார்கள். தாய் இறந்தவர்கள், தகப்பன் மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள். சபையார் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்று, கிழங்கும் கஞ்சியும் கொடுத்து வளர்த்தார்கள். சோறு போட ஆள் உண்டு, ஆறுதல் சொல்லத்தான் ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கிழிந்த வேட்டியில் பொம்மை தைத்து இலவம்பஞ்சு திணித்தேன். எல்லாப் பொம்மைக்கும் கண் கோணல். சனிக்கிழமைதோறும் ஆறு வீட்டுக்கும் நடந்துபோய்க் கதை சொன்னேன், பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு ‘ஆறுதல் ஊழியம்’ என்று நானே பெயரும் வைத்தேன். உபதேசியார் ஆராதனையில் அதை அறிவித்தபோது, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். தாழ்மை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஐந்து பிள்ளைகள் சீக்கிரமே என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறாவது பிள்ளைதான் மசியவில்லை. ஒன்பது வயதுப் பெண். ஆரியங்கோட்டுப் பக்கம் சொந்த ஊர். தாய் பிரசவத்தில் போய்விட்டாள். தகப்பன் கொத்தனார். போராட்டத்தில் சேர்ந்து, போலீஸ் தேடுகிறது என்று தலைமறைவானவர். பொம்மையை வாங்கிக்கொண்டாள், கதையைக் கேட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து வாரம் அப்படியே போயிற்று. எனக்கு உள்ளூர எரிச்சல். அந்தப் பிள்ளையின் துக்கத்தைவிட அவள் என்னிடம் வாய் திறக்காததுதான் என்னை வருத்தியது. இதை இப்போது எழுதவே கூசுகிறது.

ஆறாவது வாரம், நான் கிளம்பும்போது சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“எக்கா, ஒண்ணு சொன்னா ஆரிட்டயும் சொல்லப்பிடாது.”

“சொல்லமாட்டேன் மக்கா.”

“எனக்க அப்பா வாறாரு. புதன்கிழமை சந்தைக்குப் போற ஆளு மாதிரி ஓலைக்கட்டு சுமந்துட்டு வருவாரு. மொகம் தெரியாது. நான் துணி அலக்கப் போவேம்லா, அந்த ஓடைப் பாலத்துக்குக் கீழ நிப்பாரு. கொல்லாங்கொட்டை சுட்டுக் கொண்டு தருவாரு.”

அன்று வீட்டுக்கு நடந்த நடையில் கால் தரையில் படவில்லை. பிள்ளைக்கு அப்பா இருக்கிறார் என்பதற்காகச் சந்தோஷப்பட்டேனா, அவள் கடைசியில் என்னிடம் சொல்லிவிட்டாள் என்பதற்காகவா என்று கேட்டால், இரண்டாவதுதான்.

மறுநாள் மத்தியானம் பெண்கள் சங்க ஜெபக்கூட்டம். எங்கள் சபைப் பெண்களுக்கு வாய்விட்டு ஜெபிப்பது ஒரு வரம், ஒரு போட்டியும்கூட. யாருடைய ஜெபத்துக்கு அதிகம் பேர் மூக்கைச் சிந்துகிறார்கள் என்று வெளியே சொல்லாமல் எல்லோரும் கவனிப்பார்கள். எனக்கு முன்னால் ஜெபித்த அம்மா, வெள்ளறடையில் கட்டிக்கொடுத்த மகளின் கஷ்டத்தைச் சொல்லி அழுதாள். கூட்டமே ஆமென் ஆமென் என்றது. அடுத்து நான். பிள்ளைகளை ஆசீர்வதியும் என்று பொதுவாகத் தொடங்கினேன். ஒரு ஆமென்கூட விழவில்லை. அப்போது அது என் வாயிலிருந்து வந்தது. “ஆண்டவரே, புதன்கிழமைதோறும் ஓலைக்கட்டின் மறைவில் ஓடைப் பாலத்துக்குக் கீழே வந்து, தன் மகளின் முகத்தைப் பார்த்துப் போகிற அந்தத் தகப்பனைக் கண்மணிபோல் காத்தருளும்.”

இடத்தைச் சொல்லாவிட்டால் ஆண்டவருக்குத் தெரியாதா? கிழமையையும் சொன்னேன், ஓலைக்கட்டையும் சொன்னேன். அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன், ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு. கூட்டம் முழுவதும் அழுதது. முடிந்ததும் மூன்று பேர் வந்து என் கன்னத்தைத் தடவினார்கள். இவ்வளவு சின்ன வயதில் என்ன ஜெபம் என்றார்கள்.

அந்தப் புதன்கிழமை, ஓடையில் மீன்பிடிப்பதுபோல் கைலி கட்டிக்கொண்டு நின்ற நான்கு போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். பாலத்தின்மேல் வைத்தே அடித்தார்கள். அவள் அலக்குகிற கல்லின்மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். செய்தி யார் வழியாகப் போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது பேர் கேட்ட ஜெபம். அவர்களில் ஒருத்தி வீட்டில் புருஷனிடம் சொல்லியிருப்பாள், அவன் டீக்கடையில் சொல்லியிருப்பான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

சனிக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்பதால் போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். அவள் கொல்லைப்புறத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“எக்கா, நான் உங்கள்ட்ட மட்டும்தானே சொன்னேன்?”

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது இது: “வேற ஆரிட்டயாவது சொன்னியா மக்கா? நல்லா யோசிச்சுப் பாரு.”

அவள் யோசித்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

“ஆட்டுக்கிட்ட சொன்னேன். புல்லு அறுக்கும்ப. எனக்க அப்பா புதன்கிழமை வருவாருன்னு சத்தமா சொன்னேன் எக்கா. ஆராவது கேட்டிருப்பினுமா?”

“இருக்கும் மக்கா” என்றேன்.

ஒரு வார்த்தையில் என் பாரத்தை எடுத்து அந்தக் குழந்தையின் தலையில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் எனக்கு மூச்சு லேசாயிற்று. அதுதான் இன்னும் என்னைக் கொல்கிறது.

மூன்று வாரம் கழித்து, அவளை வளர்த்த அம்மா என்னை ஓரமாக அழைத்தாள். “பிள்ளே, இவ ஒரு எழவும் மிண்டமாட்டேங்கா. முன்ன அந்த ஆட்டுக்கிட்டயாவது ஓயாம பேசுவா. இப்ப அதுக்கு வாயைப் பொத்திக்கிட்டுத்தான் புல்லு போடுதா. நீ சொன்னா கேப்பா. ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லு.”

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்தான் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் காதோடு வாயை வைத்துப் பேசினாள்.

“எக்கா, அப்பா ஜெயில்ல இருந்து வந்தா நீங்க சொல்லணும். நான் வேணும்னு சொல்லல்லன்னு. நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க சொன்னா நம்புவாரு.”

“சொல்லுதேன் மக்கா” என்றேன்.

பிறகு சர்க்கார் வழக்குகளைத் திரும்பப் பெற்றுப் பலரை விட்டபோது அவரும் வெளியே வந்தார். ஒரு கால் சரியாக ஊன்ற வரவில்லை என்று சொன்னார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு குழித்துறைப் பக்கம் உறவுக்காரர்களிடம் போகும் வழியில், எனக்கு நன்றி சொல்ல எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பிள்ளையை இவ்வளவு நாள் பார்த்துக்கொண்ட அக்காவைக் கும்பிட்டுப் போக வேண்டும் என்று என் அம்மாவிடம் சொல்வது எனக்கு உள்ளே கேட்டது. என்னைக் கூப்பிட உள்ளே வந்த அம்மாவிடம், தலைவலி, படுத்திருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன்.

ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மாவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். மகள் அவர் கையைப் பிடிக்காமல் நான்கடி தள்ளி நின்று, நான் வந்து சொல்வேன் என்று எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.