பஸ் கேம் அண்ணன்

ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் என்னை "அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். நான் பெண். பாபநாசத்தில் அம்மாவோடு இருக்கிறேன். நம் பக்கத்துத் தனியார் பஸ்ஸைப் போனில் ஓட்டுகிற கேம் ஒன்று உண்டு. அதைச் செய்தவள் நான்தான். ஆரம்பத்தில் ஒருவருக்கு "நான் அண்ணன் இல்லை" என்று பதில் போட்டேன். "சும்மா கலாய்க்காதீங்கண்ணே" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கேம் செய்ய வேண்டும் என்ற பைத்தியத்தில்தான் படித்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ஆனால் கதை, சண்டை, கதாநாயகன் எல்லாம் வெளிநாட்டில் யாரோ யோசிப்பார்கள். மூலையில் கிடக்கிற பீப்பாய், உடைந்த வேலி, பாசி பிடித்த கல் ஆகியவைதான் எங்கள் பங்கு. உலகமே விளையாடிய ஒரு கேமில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் வைக்கோல் நான் செய்தது. தஞ்சாவூர்க்காரியைவிட நன்றாக வைக்கோல் யாரால் போட்டுவிட முடியும்? கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயர் இல்லை. ஒருநாள் வெளிநாட்டுக்காரர்கள் வேலை தருவதை நிறுத்தினார்கள். கம்பெனி எங்களை நிறுத்தியது.

அதே சமயத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகம் போனது. வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். ஊருக்கு வந்தேன், பிறகு வெளியே போகவே இல்லை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போய்ப் போய் அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். கை சும்மா இருக்காமல் அதை ஒரு கேமாகச் செய்துபார்த்தேன். ஒரே ஒரு பஸ், அதன் ஹாரனை நிறுத்தத்தில் நின்று பதிவு செய்து சேர்த்து, சும்மா வெளியே விட்டேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் தனியார் பஸ்களுக்கு ரசிகர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். இத்தனை வெறி என்று தெரியாது. "அவன் பஸ்ஸ மட்டும் விட்டீங்க, எங்க பஸ் கண்ணுக்குத் தெரியலியா?" என்று எதிர் பஸ்ஸின் ஆட்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். சமாதானத்துக்காக அவர்கள் பஸ்ஸையும் விட்டேன். உடனே மூன்றாமவன் வந்தான். பிறகு குடவாசல் ரூட், மன்னார்குடி ரூட். பின்பக்க ஏணியில் ஒரு கம்பி குறைகிறது என்று படம் பிடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

பஸ்களைச் செய்துதருவது ஒரு நாகூர்க்காரர். என்னோடு சேர்ந்து வேலையை இழந்தவர். இப்போது மாமாவின் மொபைல் கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு பஸ் என்றால் உயிர். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், ஹாரன் சத்தம் கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் விடவும் முடியாது. ஒரு மாதம் புதிதாக எதுவும் போடாவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். கேமின் நடுவே வரும் விளம்பரக் காசில்தான் அம்மாவின் வைத்தியமும் வீடும் நடக்கின்றன. பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டவர்களாவது முதலாளியைத் திட்டிக்கொள்ளலாம். இது நானே கட்டிய கூண்டு.

அம்மா மெஷினில் படுத்திருக்கும் நேரத்தில் மட்டும் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கென்று இன்னொரு கேம் செய்யத் தொடங்கினேன். அதில் நீங்கள் தண்ணீர். மேட்டூரில் திறந்துவிட்டது முதல் ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து, கடைமடையில் இருக்கும் கடைசி வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் மதகு ஷட்டர்கள் உண்டு. உங்களால் திறக்க முடியாது. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வந்து திறக்கும்வரை நிற்க வேண்டும். நிற்கும்போது கரையை நனைக்கலாம், வெடிப்பை நிரப்பலாம், அவ்வளவுதான். அதில் என்ன தத்துவம் என்று கேட்காதீர்கள். அந்த வராந்தாவில் எனக்கு அதுதான் தோன்றியது.

இரண்டு வருஷம் ஆனது. இது ஓடினால் பஸ் கேமை நாகூர்க்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதைவிட, எனக்கு வேறொன்று செய்யத் தெரியும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் அம்மாவிடம் கொடுத்தேன்.

"ஏண்டி, இவன் எப்பத்தான் தொறப்பான்?"

"வருவான்மா."

"ஓடி வர்ற தண்ணிய இப்படி நிறுத்திவச்சா கோவம் வராதா?"

திட்டிக்கொண்டே விளையாடினாள். கடைசி வயல் நனைந்து மண் கறுத்ததும் அதை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்குடி. வெளிய விடு" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஆட்கள் வர வேண்டுமே என்று பஸ் கேம் போட்ட அதே கணக்கில் வெளியிட்டேன். வந்தார்கள். "அண்ணே, இதுல பஸ் எங்க?" என்பதுதான் முதல் விமர்சனம். இரண்டாவதும் அதுவே. ஷட்டர் முன்னால் காத்திருந்தவர்கள் கேம் பழுதாகி நின்றுவிட்டது என்று நினைத்து ஒற்றை ஸ்டார் கொடுத்தார்கள். கடைமடை வரை போனவர் அம்மாவைத் தவிர யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாகூர்க்காரர் போன் செய்தார். "கோவப்படாம கேளும்மா. கரை மேல ரோடு இருக்குல்ல? அதுல ஒரு பஸ் விடுவோம். பஸ்ஸப் பாக்க வர்றவன் தண்ணியையும் பாப்பான்."

"முடியாது பாய்."

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதற்குள் கேம் யார் கண்ணிலும் படாத இடத்துக்கு இறங்கிவிட்டது. நானே கூப்பிட்டு, "சரி, ஒரே ஒரு பஸ்" என்றேன். அவர் எப்போதோ செய்து வைத்திருந்தார்.

பஸ் கரைமேல் ஓடியது. "வேற லெவல்ணே" என்றார்கள். ஸ்டார்கள் ஏறின. வெட்கமாக இருந்தாலும் மகிழ்ச்சியாகவும் இருந்தது. இனி மெதுவாகத் தண்ணீர் பக்கம் திருப்பிவிடலாம் என்று நம்பினேன். ரோட்டில் ஒரு நிறுத்தம் வைத்தேன், பிறகு ஒரு டீக்கடை. தண்ணீரை யாரும் தொடவில்லை. முதல் ஷட்டர் முன்னாலேயே அது நின்றுகொண்டிருக்க, எல்லோரும் பக்கத்தில் பஸ் ஓட்டினார்கள்.

போன மாதம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு செய்தி வந்தது. "அண்ணே, கேம் சூப்பர். ரோட்டோரமா அந்தத் தண்ணி மட்டும் எதுக்குண்ணே? அதனாலதான் என் போன்ல லேக் ஆகுது. எடுத்துட்டீங்கன்னா பஸ் ஸ்மூத்தா போகும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகக் கேட்டிருந்தான், அவன் சொன்னதும் சரி. விலை குறைந்த போன்களைத் திணறடித்தது தண்ணீர்தான். கீழே அதே குறையை இன்னும் பலர் எழுதியிருந்தார்கள்.

லேப்டாப்பைத் திறந்து தண்ணீரை எடுத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஆறும் வாய்க்காலும் வெறும் மணலாகக் கிடந்தன. பஸ்ஸை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நிற்காமல் போனது. அழுகை வந்தது. உள்ளே அம்மாவுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"எடுத்தாச்சு தம்பி, அப்டேட் பண்ணிக்கோங்க" என்று பதில் போட்டேன்.