ஊதாப் புடவைக்காரி

எங்கள் சேனலில் லீவு என்று யாராவது ஆரம்பித்தால் அண்ணனுக்கு உடனே இருமல் வந்துவிடும். அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுவது முதலாளியை. தஞ்சாவூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மூன்று அறைகள்; அதில் ஒன்றில் பச்சைத் துணியைக் கட்டிவிட்டால் ஸ்டுடியோ. அங்கே மாலை ஏழு மணிச் செய்தி வாசிப்பவள் நான் ஒருத்திதான். காய்ச்சல் என்றாலும் நான்தான், தீபாவளி என்றாலும் நான்தான். மற்றப் பெண்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மாமியாருக்கு முடியவில்லை என்று கிளம்பிப் போவார்கள். எனக்கென்ன, புருஷனா பிள்ளையா? நாற்பதை நெருங்குகிற ஒண்டிக்கட்டைக்கு என்ன அவசரம் வந்துவிடப் போகிறது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் கேமராமேன் முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ எடுக்கப் போகிறவர்.

"உங்க கல்யாணத்த மட்டும் ஃப்ரீயா எடுத்துத் தரேன் மேடம், ட்ரோன் உட்பட."

"மொதல்ல என் மூக்குக்குக் கீழ விழுற நிழல எடுங்க" என்பேன்.

வம்பும் சிரிப்புமாக அந்த மாடி ஓடிக்கொண்டிருந்தது. மேலே பட்டுப் புடவை, மேஜைக்கு அடியில் ரப்பர் செருப்பு. பச்சை நிறத்தில் மட்டும் எதையும் கட்டக் கூடாது. கட்டினால் உடம்பு மறைந்துபோய்த் தலை மட்டும் தனியாக நின்று செய்தி வாசிக்கும்.

போன ஆனி மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தாராசுரத்து வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். சண்டைக்குத் தயாராகிக்கொண்டுதான் அண்ணனிடம் லீவு கேட்டேன். அவர் இருமவில்லை.

"தாராளமா எடுத்துக்கம்மா. அம்மாவப் பாரு. ஒரே ஒரு நாள் மட்டும் வந்து உக்காந்து குடுத்துட்டுப் போ. இந்த ஏஐ வந்துருக்குல்ல, அதுல உன் மூஞ்சியையும் குரலையும் ஏத்தி வெச்சுட்டா நீ வர்ற வரைக்கும் அது சமாளிக்கும்."

பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு, ஊதாப் புடவை கட்டிக்கொண்டு போனேன். எழுதிக் கொடுத்ததையெல்லாம் வாசித்தேன். இடது பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினேன். சிரிக்கச் சொன்னார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் வலியில் துடித்துக்கொண்டிருக்க, நான் இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் அந்த லீவுக்காக.

ஆபரேஷன் முடிந்த அன்று அம்மாவை ஐசியூவிலேயே வைத்திருந்தார்கள், வார்டுக்குக் கொண்டுவரவில்லை. காலிக் கட்டிலின் பக்கத்தில் நான் காத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வார்டு சுவரில் ஒரு டிவி. அடுத்த கட்டிலில் மாமியாரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த குத்தாலம் பக்கத்து அக்கா ஒருத்தர், ஏழு மணி ஆனதும் எழுந்துபோய் எங்கள் சேனலை வைத்தார். கல்லணை திறந்து தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு வந்திருந்தார். அவர்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரிய வேண்டும்.

"வணக்கம்" என்றாள் ஊதாப் புடவைக்காரி.

திரையில் என் முகம். அதே குரல், அதே கழுத்துச் சாய்ப்பு. முதல் செய்தியே கொள்ளிடத்தில் குளிக்கப் போன ஒருவர் மூழ்கிப் போனது. அதை அவள் சிரித்த முகத்தோடு வாசித்தாள். அடிப்பாவி!

"இந்தப் பொண்ணுக்கு என்ன கேடு?" என்றார் குத்தாலத்து அக்கா என்னிடம். "செத்தவன் வீட்டுல பாத்தா வயிறு எரியாதா?"

எண்ணெய் வடியும் முகமும், நைட்டியும், மேலே போட்ட துண்டுமாக நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது நான்தான் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அத நிறுத்துங்கண்ணே. சாவுச் செய்திக்குச் சிரிக்குது."

"சரி பண்ணச் சொல்றேம்மா. ஆனா ஒண்ணு பாத்தியா, ஒரு எடத்துல கூட தடுமாறல. நீ நிதானமா வா. அவசரமே இல்ல."

அவசரமே இல்லையாம். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேனா? கொஞ்ச நேரத்தில் கேமராமேன் கூப்பிட்டார். "மேடம், லைட்டே போட வேணாமாம். இனி நான் கல்யாணம் மட்டுந்தான்." வழக்கமான கேலியை நான் எதிர்பார்த்தேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. வயதானவர்களுக்கு மயக்க மருந்துக்குப் பிறகு சில நாள் இப்படிக் குழப்பம் இருக்கும், சரியாகிவிடும் என்றார் நர்ஸ். கஞ்சி ஊட்டினேன். வாயைத் துடைத்தேன்.

ஏழு மணி ஆயிற்று. "வணக்கம்." அம்மா சட்டென்று டிவியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, எம்பொண்ணு வேலைக்குப் போயிட்டாளா?"

"அம்மா, நான்தாம்மா. இங்கதாம்மா இருக்கேன்."

"நீங்க யாரு பெத்த பொண்ணோ, இப்படி உக்காந்து பாக்குறீங்க, நல்லா இருக்கணும்." என் கையைத் தடவிக் கொடுத்தாள். "எம்பொண்ணுக்கு லீவே குடுக்க மாட்டாங்கங்க. பாவம், தனிக்கட்டை, அவளும் என்னதான் பண்ணுவா? வரலன்னு அவளக் கொற சொல்லிடாதீங்க."

அந்த ஊதாப் புடவைக்காரி மேல்தான் கோபம் வந்தது. எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

"ஐயையோ, ஏங்க அணைச்சீங்க? தண்ணிச் செய்தி வர்ற நேரம்!" என்று குத்தாலத்து அக்கா பதறினார்.

"இருங்க, நான் சொல்றேன்."

அன்றாடச் செய்திகளை எங்கள் வாட்ஸாப் குரூப்பில் போடுவார்கள். அதிலிருந்து என்னை இன்னும் எடுத்திருக்கவில்லை. போனைத் திறந்து, அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு, ஸ்டுடியோவில் வாசிக்கிற மாதிரியே ஆரம்பித்தேன். "வணக்கம். மாலைச் செய்திகள்." கொள்ளிடத்தில் மூழ்கியவரின் உடல் கிடைத்துவிட்டது என்ற செய்தியை முதலில் வாசித்து, கொஞ்சம் நிறுத்தினேன். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், அது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு தண்ணீர்ச் செய்தி. எந்தெந்த வாய்க்காலுக்குத் திறந்திருக்கிறார்கள், கடைமடைக்கு எப்போது போய்ச் சேரும் என்று வரிசையாக வாசித்தேன். குத்தாலத்து அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் உதடு அசைந்தது.

"எம்பொண்ணு வாசிக்கிறா" என்றாள். "சரியா கேக்க மாட்டேங்குது. டிவி சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்கம்மா."

என் குரலைக் கூட்டினேன்.