சிவப்புக் கண்ணும் நீலக் கண்ணும்

இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. பொய் சொல்லிக் குமட்டிக்கொள்ள எனக்கு ஒன்றும் தலையெழுத்து இல்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

அக்கா கணவருக்குக் கப்பலில் வேலை. பாப்பா பிறந்து எட்டு மாதம் ஆகியும் மாமா அவளை நேரில் பார்த்ததில்லை. அவள் தவழ்ந்து வந்து கை நீட்டினால், அது திரையைத் தாண்டி மாமாவின் முகத்துக்கு நேரே வர வேண்டும். அப்படி ஒரு முப்பரிமாண வீடியோ எடுத்து அனுப்ப ஆசைப்பட்டேன். வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரே மாதிரி இரண்டு போன்களை, இரு கண்களுக்கு உள்ள இடைவெளி விட்டு, ஒரு மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டினேன். இடது போன் படத்துக்குச் சிவப்பு நிறம், வலது போன் படத்துக்கு நீலம். இரண்டையும் ஒன்றாக்கி, சிவப்பு நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஆழம் தெரியும்.

அக்கா அந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிற்பகல் 3.40. நல்ல வெளிச்சம். படுக்கையறைத் தரையில் பாப்பாவை விட்டோம்.

பாதி தூரம் வந்தவள் நின்றாள். அண்ணாந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மென்றாள்.

"ஆ காட்டுறா பாரேன்!" அக்கா சிரித்தாள்.

அப்போதுதான் அந்த நாற்றம். நாள்கணக்கில் ஊறிய துணியும் கெட்டுப்போன பாலும் சேர்ந்த மாதிரி...

"டயப்பர் மாத்தணுமாக்கா?"

"இல்லடா, காஞ்சுதான் இருக்கு. வாயில என்னமோ வெச்சிருக்கா."

அக்கா விரலை விட்டு வழித்தாள். சாம்பல் நிறக் கூழ். கொழகொழவென்று கையில் ஒட்டியது. அதற்குள் ஒரு முடி. இழுக்க இழுக்க வந்தது. ஒரு முழம் இருக்கும். அக்காவின் முடியோ தோள்வரைகூட வராது.

4.55. பாப்பா தூங்கிவிட்டாள். திரைச்சீலையை மூடிவிட்டுக் கணினியில் உட்கார்ந்தேன். இடது படத்தில் பாப்பா மட்டும். வலது படத்திலும் பாப்பா மட்டும். இரண்டையும் சேர்த்தேன். கண்ணாடி போட்டேன்.

பாப்பாவுக்கு முன்னால்... ஒருத்தி.

கையையும் முட்டியையும் தரையில் ஊன்றி இருந்தாள். உப்பிய முகம். நீளமான ஈர முடி. தாடை மட்டும் அசைந்தது.

சளக்... சளக்...

மென்றதை உள்ளங்கையில் துப்பினாள். விரலால் வழித்தாள். பாப்பாவின் வாயில் வைத்தாள்.

கண்ணாடியைக் கழற்றினேன். பாப்பா மட்டும்.

போட்டேன். அவள்.

இப்போது என் பக்கம் திரும்பியிருந்தாள்.

கை நீண்டது. திரையைத் தாண்டியது. என் உதட்டருகே அந்த விரல்...

அதே நாற்றம்.

அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"அக்கா... பாப்பாவைத் தூக்கு!"

அன்றே கிளம்பிவிட்டோம். வீடியோவை அழித்தேன். மாமாவிடம், "சரியா வரல" என்று சொல்லிச் சமாளித்தோம்.

சாமான்களை எடுக்கப் போனபோது கீழ்வீட்டு நர்ஸம்மாதான் சொன்னார். எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாளாம். கதவை உடைத்து உள்ளே போனபோது அவள் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்ததாம்.

"குழந்தை?" என்றாள் அக்கா.

"நான்தாம்மா தூக்கினேன். நல்லாதான் இருந்துச்சு. பசின்னு அழவே இல்ல. வயிறு... நிறைஞ்சிருந்துச்சு."