பேச்சியம்மாளின் உருளைப் பாத்திக்கு நான் கொடுத்த மருந்து

எழுபதுகளின் நடுவில், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பூச்சிமருந்து ஸ்டோர் என் பொறுப்புக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொழுந்து எடுக்கும் பேச்சியம்மாள் ஒரு சாயங்காலம் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். கணவரை இழந்தவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி உருளைக்கிழங்கு போட்டிருந்தார். ஒரு பசுவும் இருந்தது.

"தண்டு தண்டா அறுத்துப் போட்டிருக்குய்யா. பகல்ல பாத்தா ஒரு பூச்சியும் கண்ணுல படல. இப்பிடியே போனா ஒரு செடி மிஞ்சாது."

வெட்டுப்புழு. பகலில் செடியடி மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும். நேரில் போயிருந்தால் கையாலேயே பொறுக்கியிருக்கலாம். எனக்குச் சோம்பல். ஸ்டோர் மருந்தை வெளியே கொடுக்கக் கூடாது. இருந்தும் தேயிலைக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.

"தண்ணியில கலந்து அடிங்க. கையக் கழுவிருங்க. மூணு வாரத்துக்குக் கிழங்கு தோண்டாதீங்க."

பாத்தி ஓரத்துப் புல்லைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பசு செத்துப்போன செய்தி வந்தது. ஓடினேன். வாயில் நுரையோடு கிடந்தது. பக்கத்தில், பாத்தி ஓரத்தில் அறுத்த புல் பாதி மிச்சம். செடிக்கு அடித்தது போக மீந்த மருந்தை அங்கேதான் கொட்டியிருக்கிறார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்திடம், "வயிறு ஊதிச் செத்துப்போச்சு" என்றார். உண்மை தெரிந்தால் என் வேலை போகும் என்பது அவருக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது லயத்து ஆட்கள் இரண்டு பேர் கத்தியோடு வந்தார்கள். "ஊதின மாடுதான? கறியப் பங்கு வச்சிரலாம்."

"தொடாதீங்க! வெசம். நான் குடுத்த மருந்து" என்றேன்.

ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். மானேஜர் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மருந்து குடுக்கறதுக்கு முன்னால அந்த எடத்தப் போய்ப் பாத்தியா?"

"இல்ல சார்."

ஸ்டோர் வேலை போயிற்று; மறுநாளிலிருந்து களை வெட்டும் ஆட்களோடு போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குச்சியோடு பேச்சியம்மாளின் பாத்திக்குப் போனேன். அறுபட்ட செடிகளின் அடியைக் கிளறினேன். கொழுத்த புழுக்கள், இன்னும் உயிரோடு. ஒரு டப்பா நிறையப் பொறுக்கினேன்.

"இவ்வளவுதானாய்யா வேல?" என்று கேட்டார்.

"இவ்வளவுதாம்மா."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பாத்தியில் உருளை போடவும் இல்லை.

பல வருஷம் கழித்து வேறு எஸ்டேட்டில் மறுபடி மருந்து வேலைக்கு வந்தேன். பூச்சி என்று யார் வந்தாலும் முதலில் கூடவே போய்ச் செடியைப் பார்ப்பேன், மண்ணைக் கிளறுவேன், வீட்டில் ஆடு மாடு உண்டா என்று கேட்பேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அதை நான் கற்றுக்கொள்ள ஒரு பசு செத்திருக்க வேண்டியதில்லை.