ஆன்மிக ஆறுதல் குழுவில் நாங்கள் போட்ட முடிச்சு

மனக்காயத்தை ஆற்றும் ஆன்மிகக் குழு என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, இன்று காலை ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். என் மகன் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

சென்னையிலிருந்து வந்த அம்மையார் ஆளுக்கொரு துண்டு பட்டு நூல் கொடுத்தார். பட்டு நெய்கிற நம் ஊருக்கு ஏற்ற ஏற்பாடாம்.

"உங்க துக்கத்தை நினைச்சு ரெண்டு முனையையும் சேர்த்து முடிச்சு போடுங்க. இப்ப மெதுவா அவிழுங்க. துக்கமும் போயிடும்."

ஒருத்திக்கும் அவிழவில்லை.

வந்திருந்த எல்லோரும் தறியில் உட்காருகிற பெண்கள். நெய்யும்போது இழை அறுந்தால் போடுகிற முடிச்சைத்தான் கை தானாகப் போட்டிருந்தது. அது அவிழ்ந்தால் புடவை என்ன ஆவது?

அம்மையார் முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்கு விட மனசே இல்ல. துக்கத்துலயே சுகம் காண்றீங்க."

சுகமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்திலிருந்த செல்வி அக்கா, "அவுக்கறதுக்கா மேடம் முடிச்சு போடுவாங்க?" என்றாள்.

"பரவால்ல, கத்தரிக்கோலால வெட்டிடலாம்" என்று அம்மையார் என் கையை நோக்கி வந்தார்.

நூலை மூடிப் பிடித்துக்கொண்டேன். "எம் புள்ளைய நெனச்சி போட்டது. கை வச்சீங்கன்னா பேஜாராயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் அங்கே இருந்தேன். அவன் பெயர் என்ன என்று அந்த அம்மையார் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பெயர் கேட்கிற குழு எங்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். நூல் மட்டும் கொடுக்க வேண்டாம், அது இந்த ஊரில் நிறையவே இருக்கிறது.