தீவுக்குப் போட்ட மனு

ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வரைபடத்தில் இடம் குறிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது, கேரளத்துக்கு இடது பக்கம் கடலில் கிடக்கும் புள்ளிகளைக் காட்டி, பென்சிலை அழுத்தினால் தீவு காணாமல் போய்விடும் என்று எச்சரிப்பேன். அந்தப் புள்ளிகளில் ஒன்றுக்குப் போய் ஐந்து நாள் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் கடல் மேலிருந்த ஆசை காரணமில்லை. எங்கள் வீடு கிரிவலப் பாதையிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தது. அதுதான் காரணம்.

கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் பௌர்ணமி என்றால் இன்னொரு நாள், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. பிறகு பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் இறங்குகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் சொந்தக்காரர் வீடு எங்களுடையது. யாரும் தங்க வருவதாகச் சொல்லமாட்டார்கள். பையை மட்டும் வைத்துவிட்டுப் போகிறோம் என்பார்கள். பைக்கு அடுத்தது குளியல், குளியலுக்கு அடுத்தது காபி, நடந்துவிட்டு வந்தால் எலுமிச்சை சாதம்.

மாதம் தவறாமல் வருகிறவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வேலூர்க்காரர், நல்ல மனசு. அதுதான் கஷ்டமே. அவர் தன் மாமியாரை, பக்கத்து வீட்டாரை, ஒருமுறை தனக்கு ரவிக்கை தைக்கும் டெய்லரைக் குடும்பத்தோடு கூட்டி வந்தார். அந்த மாதம் ஒரு பெரியவர் பை மாற்றி யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவையோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் பழைய நோட்டு அட்டைகளைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, நம்பர் எழுதி, பைக்கு ஒன்று ஆளுக்கு ஒன்று கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தார். ஆபீஸ் செலவில் சுற்றுலா போகும் சலுகை அவருக்கு இருந்தது. எங்கே போகலாம் என்று பேசியபோது நான் தீவைச் சொன்னேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே யாரும் காலெடுத்து வைக்க முடியாது என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"யாருமேவா?"

"யாருமே."

"அக்கா கூடவா?"

சொல்லாமலிருந்தால் முடியாது என்றேன். அவரால் இரண்டு நாள் சொல்லாமலிருக்க முடிந்தது. மூன்றாம் நாள் போனில் சொல்லிவிட்டார். கடல் நடுவில் நீங்கள் இரண்டு பேர் தனியாக என்ன பண்ணுவீர்கள் என்று அண்ணி நிஜமாகவே கவலைப்பட்டு, தன் வீட்டுக்காரரை விட்டுத் தங்களுக்கும் மனு வாங்கிவரச் சொன்னார்.

அரையாண்டு விடுமுறையில் போவதாகத் திட்டம். அந்த விடுமுறைக்குள்ளேயே ஒரு பௌர்ணமி வருவதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. கப்பலில் வாந்தி வரக்கூடாதென்று என் கணவர் ஒரு மாதம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகினார்.

மனு போட்டால் போலீஸ் வந்து வீட்டில் விசாரிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கான்ஸ்டபிள் மப்டியில் வந்தது ஐப்பசிப் பௌர்ணமியன்று மதியம். நான் பள்ளிக்கூடத்தில், அவர் வங்கியில், அண்ணி கோயிலில். கூடத்தில் சுவரோரமாகச் சீட்டுக் கட்டிய பைகள் வரிசையாக இருந்தன. அண்ணியின் மாமியார் அவரையும் நடக்க வந்தவர் என்று நினைத்து, பை எங்கே என்று கேட்டிருக்கிறார். நீங்கள் எத்தனை நாளாக இங்கே என்று அவர் கேட்டதற்கு விவரமாகப் பதில் சொல்லியிருக்கிறார். மாசாமாசம் இங்கேதான், வெந்நீர் உண்டு, சாப்பாடு உண்டு, பைக்கு டோக்கன் உண்டு, நடத்துகிற பெண் ரொம்பக் கண்டிப்பு. கான்ஸ்டபிள் காபி குடித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாராம்.

அடுத்த வாரம் என் கணவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"லாட்ஜ் நடத்துறது தப்பில்ல சார். லைசென்ஸ் எடுத்துக்குங்க."

அவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் என்று இவர் சொன்னதும், இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் குறிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியானால் யார் யார் என்ன உறவு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினோம். எழுதி முடித்தபோது, ஆறு பேர் யாருக்குமே சொந்தமில்லை என்று தெரிந்தது. அவர்களை ஒன்றுவிட்ட சித்தப்பா வகையில் சேர்த்தோம்.

அந்தக் காகிதம் போய்த் திரும்புவதற்குள் அண்ணி வீட்டுக்கு அனுமதி வந்துவிட்டது. வேலூரில் விசாரணை ஐந்தே நிமிஷம். எப்போதும் பூட்டியே கிடக்கும் வீடு, எந்த வம்புக்கும் போகாத ஜனங்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். எங்களை விட்டுப் போகமாட்டேன் என்று அண்ணி அழுதார். நாங்கள்தான் சமாதானம் சொல்லி, மாமியாரையும் சேர்த்துக் கொச்சிக்கு ரயிலேற்றி அனுப்பினோம்.

நாங்களும் தீவுக்குப் போவதாக அண்ணி ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதை நாங்கள் மறுக்கவில்லை. முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தோம். என் கணவர் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, தெரிந்தவர் இல்லாத தெருவாகப் பார்த்துப் பால் வாங்கி வந்தார். ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டோம். பகலில் தூங்கினேன். ஒரு நாள் கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு முழு தர்பூசணியை நாங்கள் இரண்டு பேருமே தின்றோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பௌர்ணமியன்று சாயங்காலம் யாரோ வந்து பூட்டை ஆட்டினார்கள். ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கிழட்டுக் குரல் ஒன்று, கூட வந்தவரிடம் சொன்னது கேட்டது.

"ஊர்ல இல்ல போலருக்கு. அந்தப் பொண்ணும் எங்கயாச்சும் நிம்மதியா போய் வரட்டும், பாவம்."

என் கணவர் எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். குரல் யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. செருப்புச் சத்தம் தெருமுனை வரை போயிற்று. அதற்கப்புறம் எனக்கு ரேடியோ போடப் பிடிக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அண்ணி வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. தீவில் சூரை மீனில் செய்யும் மாசிக் கருவாடு ஒரு பொட்டலம் கொண்டு வந்திருந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததாம், மணல் வெள்ளையாம், ஆனால் இரண்டாம் நாளே பேச ஆள் ஜாஸ்தி இல்லாமல் போரடித்துவிட்டதாம். மாமியார் மட்டும் அங்கேயும் நான்கு பேரைச் சிநேகம் பிடித்து, பௌர்ணமிக்கு வரச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் விலாசம்.

கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அண்ணி சமையல்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, நாங்க வர்றது உனக்குத் தொந்தரவா இருக்கா? அங்க சும்மா உக்காந்திருந்தப்ப திடீர்னு தோணுச்சு."

இதற்கான பதிலை நான் பல வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். நல்ல பதில், காரண காரியத்தோடு.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி," என்றேன்.

அவர் அப்படியே நம்பினார். நம்பியதில் அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாதம் கிளறும் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

எங்கள் அனுமதி பங்குனியில் வந்தது. பொதுத்தேர்வு நேரம், பள்ளிக்கூடத்தில் லீவு கிடையாது.